இலக்குத் துப்பாக்கிக் குண்டுக்குக் காரீய–வெள்ளீயக் கலவையைத் தேர்ந்தெடுக்கும் முறை

இந்தப் பொருளைத் தமிழில் எழுதத் தொடங்கும்போதே ஒரு பெயர்ச் சிக்கலைத் தீர்த்துவிட வேண்டியிருக்கிறது. ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு வழங்கி வருகிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தைச் சேர்ந்தவை; தூண்டில் ஈயமும் பழைய நீர்க்குழாய் ஈயமும் காரீயம். சமையலறையில் இந்தக் குழப்பம் உயிருக்கே கேடாகலாம் என்றால், உலோகக் கலவை செய்யும் இடத்தில் அது முழுக் கணக்கையும் கெடுத்துவிடும். ஆகவே இக்கட்டுரையில் காரீயம், வெள்ளீயம் என்ற இரண்டு சொற்களை மட்டுமே பயன்படுத்துகிறேன்.

இங்கே பேசப்படுவது அமெரிக்காவில் நடைபெறும் ஒரு குறிப்பிட்ட விளையாட்டு. 19-ஆம் நூற்றாண்டின் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளையோ அவற்றின் இன்றைய நகல்களையோ கொண்டு, கறுப்பு வெடிமருந்தில் இயங்கும் தோட்டாக்களால் தொலைவிலுள்ள இலக்குகளைச் சுடும் போட்டி அது. இரும்புத் தகட்டில் வெட்டிய விலங்கு உருவங்கள் நான்கு தொலைவுகளில் நிற்கும்: கோழி 200 மீட்டர், பன்றி 300, வான்கோழி 385, செம்மறிக் கடா 500. இவற்றைத் தொட்டால் போதாது, கீழே விழவும் செய்ய வேண்டும். நியூ மெக்சிகோவின் ராட்டன் நகரை அடுத்துள்ள விட்டிங்டன் மையம் இந்தப் போட்டிக்குப் பெயர்பெற்ற இடம். செம்பு உறையிட்ட குண்டுகளுக்கு இங்கே அனுமதி இல்லை. வார்த்த குண்டுதான் போட்டியின் உயிர். அதனால் போட்டியாளர்களில் மிகப் பலர் தம் குண்டுகளைத் தாமே வார்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்காகக் குண்டு வார்ப்பதற்குக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் நிலைமை வேறு: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வெடிபொருள் தோட்டாக்களையும் அவற்றின் பாகங்களையும் உரிமமின்றித் தயாரிப்பது குற்றம். வாசகர் இருக்கும் நாட்டின் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

கலவையைத் தேர்ந்தெடுப்பதில் புதியவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே. ‘எது மிகக் கடினமான கலவை?’ என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. கறுப்பு வெடிமருந்துத் துப்பாக்கியில் குண்டின் அடிப்பகுதி மென்மையாக இருக்க வேண்டும், மூக்குப்பகுதி உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே வார்ப்பில், ஒரே உலோகத்தில் அமைகின்றன. இந்த முரணைச் சமன்செய்யும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் தேர்வு.

அடிப்பகுதி ஏன் மென்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். கறுப்பு வெடிமருந்து பற்றியவுடன் அழுத்தம் திடீரென எழுகிறது. அசையாமல் கிடக்கும் கனமான குண்டின் பின்புறத்தை அது சம்மட்டிபோல் அடிக்கிறது. முன்புறம் இன்னும் நகரத் தொடங்காத அந்தக் கணத்தில் பின்புறம் நசுங்கி விரிந்து, குழலின் உட்புறத்தில் வெட்டியுள்ள சுழல் பள்ளங்களை முழுவதுமாக அடைத்துக்கொள்கிறது. அடைப்பு நன்றாக அமைந்தால் சூடான வாயு குண்டின் பக்கவாட்டில் கசிந்து முன்னே ஓடாது. காரீயம் உருகிக் குழலில் ஒட்டாது. குண்டும் நடுக்கோட்டில் நேராகப் புறப்படும். கலவை தேவைக்கு மேல் கடினமாக இருந்தால் இந்த விரிதல் நிகழாது. குண்டின் விட்டம் பள்ளத்தின் விட்டத்தைவிட மயிரளவு குறைந்திருந்தாலும் வாயு அந்த இடுக்கில் புகுந்துவிடும். ‘காரீயம் ஒட்டுகிறது, எனவே இன்னும் கடினமான கலவை வேண்டும்’ என்று பலர் முடிவு செய்வது இதனால்தான் எதிர்விளைவைத் தருகிறது.

மூக்குப்பகுதியின் கதை இதற்கு நேர்மாறானது. 500 மீட்டர் தாண்டும் குண்டுகள் நீளமானவை. பாயின்ட் 45 அங்குல விட்டத்தில் 500 முதல் 550 கிரெயின் வரை எடையுள்ளவை. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின் என்பதால், 540 கிரெயின் என்பது ஏறத்தாழ 35 கிராம். அந்த நீண்ட மூக்கின் பெரும்பகுதி குழலின் சுவரைத் தொடாமல் முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து அடி விழும்போது மூக்கு தன் எடையாலேயே பின்தங்கப் பார்க்கிறது. கலவை மிக மென்மையாக இருந்தால் அது குறுகிச் சற்றே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு விதமாகச் சாய்வதால், 200 மீட்டரில் தெரியாத பிழை 500 மீட்டரில் கடாவின் முதுகுக்கு மேலே மண்ணைக் கிளப்பும்.

இந்த இரு தேவைகளுக்கும் நடுவே நிற்பவைதான் பழைய விகிதங்கள். இவற்றை எடைக்கு எடை என்ற முறையில், காரீயத்தை முதலில் வைத்துச் சொல்வது வழக்கம்: 40:1, 30:1, 25:1, 20:1, 16:1. சதவீதத்தில் சொன்னால் 40:1-இல் வெள்ளீயம் 2.4, 30:1-இல் 3.2, 20:1-இல் 4.8, 16:1-இல் 5.9. இருபதுக்கு ஒன்று என்றால் ஐந்து சதவீதம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். மொத்தம் இருபத்தொரு பங்கு.

கடினத்தன்மையைப் பிரினெல் எண்ணால் அளக்கிறார்கள். தூய காரீயத்துக்கு அது சுமார் 5. வார்ப்புக் கைநூல்களில் காணும் அளவுகளின்படி 40:1 கலவைக்கு 8 முதல் 8.5, 30:1-க்கு 9, 20:1-க்கு 10, 10:1-க்கு 11.5. இந்த எண்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு செய்தி தெரியும். முதல் இரண்டரை சதவீத வெள்ளீயம் கடினத்தன்மையை மூன்று புள்ளிகளுக்கு மேல் உயர்த்துகிறது. 20:1-இலிருந்து 10:1-க்குப் போக வெள்ளீயத்தை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது ஒன்றரைப் புள்ளிதான். திடநிலைக் காரீயம் 183 டிகிரி செல்சியசில் சுமார் 19 சதவீத வெள்ளீயத்தைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும் என்றாலும், அறை வெப்பநிலையில் அந்த ஆற்றல் மிகக் குறைந்துவிடுகிறது. மிஞ்சும் வெள்ளீயம் பிரிந்து தனித் துகள்களாக நின்றுவிடுகிறது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் என்பதால், 16:1-ஐத் தாண்டிச் செல்வது பணத்தை உலையில் போடுவதற்குச் சமம்.

பிரினெல் எண்ணை 1422-ஆல் பெருக்கினால் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற ஓர் அழுத்த அளவு கிடைக்கும். சதுர மில்லிமீட்டருக்குக் கிலோகிராம் என்ற அலகை மாற்றும் எண்ணே அந்த 1422. இதன்படி 20:1 கலவைக்கு 14,220 வருகிறது. துப்பாக்கியின் தோட்டா அறையில் எழும் அழுத்தம் இந்த எண்ணைத் தாண்டும்போது குண்டின் அடிப்பகுதி விரியத் தொடங்கும் என்பது வார்ப்போரிடையே வழங்கும் கணக்கு. இதை ஒரு வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள். குண்டின் வடிவமும், அடியில் வைக்கும் அட்டையும், மசகு மெழுகும் இந்தக் கணக்கில் இல்லை.

எந்த விகிதத்தில் தொடங்குவது? பாயின்ட் 45-70 தோட்டாவில் (முதல் எண் அங்குலத்தில் விட்டம், அடுத்தது கிரெயினில் கறுப்பு மருந்து), வினாடிக்கு 350 மீட்டர் அளவிலான வேகத்தில், மசகு மெழுகை நிரப்பும் வரிப்பள்ளங்கள் உள்ள 500 கிரெயினுக்கு மேற்பட்ட குண்டு என்றால் 20:1-இல் தொடங்குங்கள். இது என் சொந்தச் சாய்வு மட்டுமன்று. வார்ப்பு அச்சு செய்வோர் பலர் தம் அச்சின் விட்டத்தையும் எடையையும் இந்தக் கலவையை வைத்தே குறிப்பிடுகிறார்கள். மூக்கு நீண்டு கூராக இருந்தாலோ, 800 கெஜத்துக்கு அப்பால் சுட்டாலோ 16:1 பக்கம் நகரலாம். குட்டையான, தட்டை மூக்குக் குண்டை 200 கெஜத்துக்குள் மெதுவாகச் செலுத்துகிறவருக்கு 30:1 போதும். ஜெர்மானியக் குடியேறிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஷூட்சன் மரபில், பாயின்ட் 32-40, 38-55 போன்ற சிறிய தோட்டாக்களில் 200 கெஜ இலக்கைச் சுடுகிறவர்கள் இன்றும் 25:1, 30:1 வட்டாரத்திலேயே நிற்கிறார்கள்.

காகிதம் சுற்றிய குண்டு தனி வகை. அதன் விட்டம் குழலின் உள்விட்டத்துக்கும் குறைவாக இருப்பதால், அது வெகுவாக விரிந்தால்தான் பள்ளத்தைப் பிடிக்கும். அதற்கு மென்மை வேண்டும். ஆனால் அந்தக் குண்டுகளே ஆயிரம் கெஜத்துக்கும் பறக்க வேண்டியவை. 1874 செப்டம்பரில் நியூயார்க்கின் கிரீட்மூர் மைதானத்தில் 800, 900, 1000 கெஜங்களில் அமெரிக்க அணி அயர்லாந்து அணியை 934-க்கு 931 என்ற கணக்கில் வென்ற காலத்திலிருந்தே தொலைதூரச் சுடுநர்கள் இந்த இழுபறியோடுதான் வாழ்ந்துவருகிறார்கள். காகிதக் குண்டில் 20:1-க்கும் 16:1-க்கும் இடையே எது என்பதை உங்கள் குழல்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளீயத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கடினத்தன்மையைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். தூய காரீயம் அச்சின் மூலைகளில் நன்றாகப் பாய்வதில்லை. மசகுப் பள்ளங்களின் விளிம்பு மழுங்கியும் அடிப்பகுதியின் ஓரம் உருண்டும் வெளிவரும். இலக்குக் குண்டில் அடிப்பகுதியின் ஓரம் கத்தி முனைபோல் இருக்க வேண்டும்; குழல் வாயைவிட்டு வெளியேறும் கணத்தில் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விடுபடுவதை உறுதி செய்வது அந்த ஓரம்தான். இரண்டு சதவீத வெள்ளீயமே இந்தப் பாய்ச்சலைப் பெரிதும் சீர்ப்படுத்திவிடும். எனவே விளிம்பு நிரம்பாத குண்டுகள் வந்தால் வெள்ளீயத்தை மேலும் மேலும் சேர்க்க வேண்டாம். அச்சு போதிய சூடு ஏறாததோ, காற்று வெளியேறும் நுண்வரிகள் அடைபட்டதோ காரணமாக இருக்கும்.

பழைய அச்செழுத்து உலோகமும் கார்ச் சக்கர எடைகளும் மலிவாகக் கிடைக்கும்போது அவற்றையே ஏன் உருக்கக் கூடாது என்று கேட்பீர்கள். அவற்றில் காரீயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமணி என்ற தனிமம் இருக்கிறது. லைனோடைப் என்ற அச்சுக்கோப்பு இயந்திரத்தின் எழுத்து உலோகத்தில் அது 12 சதவீதம், வெள்ளீயம் 4. அதன் பிரினெல் எண் 22. புகையற்ற மருந்தின் உயர் அழுத்தத்துக்கு அது பொருந்தும், கறுப்பு மருந்தின் அடிக்கு விரிந்துகொடுக்காது. அதைவிடத் தொல்லையானது வேறொன்று: ஆன்டிமணி கலந்த குண்டு, குறிப்பாகச் சிறிது ஆர்சனிக்கும் சேர்ந்திருந்தால், வார்த்த பிறகும் நாள்கணக்கில் கடினமாகிக்கொண்டே போகும், சூட்டோடு தண்ணீரில் போட்டால் இன்னும் அதிகமாக. திங்கட்கிழமை வார்த்ததும் மாதக் கடைசியில் சுடுவதும் ஒரே குண்டாக இருக்காது. காரீய–வெள்ளீயக் கலவைக்கு இந்தச் சுபாவம் இல்லை. சக்கர எடைகள் பெட்டிக்குப் பெட்டி வேறுபடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உலோகம் வாங்கும் இடத்தில்தான் சிக்கனம் பலரை ஏமாற்றுகிறது. காரீயத்தைத் தூய்மைச் சான்றுடன் வாங்குவது நல்லது. மருத்துவமனை எக்ஸ்ரே அறைகளின் சுவர்த் தகடு, கூரைத் தகடு போன்ற பழைய தகடுகள் பெரும்பாலும் மென்மையானவை என்றாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது. வெள்ளீயத்துக்குத் தூய கட்டியே முதல் தேர்வு. பற்றாசுக் கம்பியும் (சால்டர்) பயன்படும். ஆனால் அதன் உறையிலுள்ள எண்ணைப் படியுங்கள். 63/37 என்றால் வெள்ளீயம் 63, காரீயம் 37. அமெரிக்காவில் 1986-இல் குடிநீர்க் குழாய்களுக்குக் காரீயப் பற்றாசு தடை செய்யப்பட்ட பிறகு வந்தவற்றில் 95/5 என்று எழுதியிருந்தால், அந்த ஐந்து ஆன்டிமணியாகவும் இருக்கலாம், வெள்ளியாகவும் இருக்கலாம். பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையில் செய்த கோப்பைகளில் வெள்ளீயம் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டியிருக்கும். மிச்சத்தில் ஆன்டிமணியும் செம்பும் உண்டு. கணக்கில் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்கிறவருக்கு அது சரி. துத்தநாகத்தை மட்டும் அருகே விடாதீர்கள். அது 419 டிகிரியில்தான் உருகும். பழைய உலோகத்தை 370 டிகிரிக்குள் வைத்து உருக்கினால் துத்தநாகச் சக்கர எடைகள் உருகாமல் மிதக்கும், கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் உலோகம் கஞ்சிபோல் திரண்டு அச்சில் பாய மறுக்கும்.

கலக்கும் கணக்கு எளியது. தூய உலோகங்கள் என்றால் 10 கிலோ காரீயத்துக்கு அரைக் கிலோ வெள்ளீயம் 20:1-ஐத் தரும். 63/37 பற்றாசைப் பயன்படுத்தினால் அதிலுள்ள காரீயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 10 கிலோ காரீயத்துக்கு 818 கிராம் பற்றாசு தேவைப்படும். 50/50 என்றால் 1,053 கிராம். கையில் 21 கிலோ 20:1 கலவை இருந்து அதை 30:1 ஆக்க விரும்பினால் 10 கிலோ தூய காரீயத்தைச் சேருங்கள். 16:1 ஆக்க விரும்பினால் கால் கிலோ வெள்ளீயம் போதும். இதனால்தான் முதலில் 20:1-ஐப் பெருமளவில் தயாரித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்: இரண்டு திசைகளிலும் நகர வழி இருக்கிறது. ஒரு போட்டிக் காலத்துக்குத் தேவையான முழு உலோகத்தையும் ஒரே பெரிய பாத்திரத்தில் கலந்து கட்டிகளாக ஊற்றிவிடுவது, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கலப்பதைவிட மிக மேலானது.

காரீயம் 327 டிகிரியிலும் வெள்ளீயம் 232 டிகிரியிலும் உருகுகின்றன. 20:1 கலவை ஏறத்தாழ 310-இல். காரீயத்தை முதலில் உருக்கி, பிறகு வெள்ளீயத்தைப் போட்டுக் கிளறுங்கள். ஒருமுறை கரைந்த வெள்ளீயம் எடை குறைந்தது என்பதால் மேலே மிதந்து வராது. அது ஒரு பழைய நம்பிக்கை. மேலே சாம்பல் நிறத்தில் படிவது ஆக்சைடு. காற்றோடு சேர்வதில் வெள்ளீயம் முந்திக்கொள்வதால், அந்தப் படலத்தில் நீங்கள் விலை கொடுத்து வாங்கிய வெள்ளீயம் இருக்கிறது. அதை அழுக்கென்று வழித்தெறிகிறவர் சிறுகச் சிறுகத் தம் 20:1-ஐ 25:1 ஆக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு துண்டு தேன்மெழுகையோ ஒரு பிடி உலர்ந்த மரத்தூளையோ போட்டு, புகையைப் பற்றவைத்து, நன்றாகக் கிளறினால் ஆக்சைடு மீண்டும் உலோகமாக மாறிக் கலந்துவிடும். கடைசியில் மிஞ்சும் கரிய தூளை மட்டும் எடுத்துப் போடுங்கள். வார்க்கும் வெப்பநிலையை 370 முதல் 400 டிகிரிக்குள் வைத்திருங்கள். அதற்கு மேல் போகப் போக வெள்ளீயம் வேகமாக ஆக்சைடாகிவிடும். வெப்பமானி வாங்கும் செலவு வீணாகாது.

பாதுகாப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் இதில் விதிவிலக்கே இல்லை. ஈரமான ஒரு கட்டி உருகிய உலோகத்துக்குள் போனால் நீர் நொடியில் ஆவியாகிப் பாத்திரத்திலுள்ள காரீயம் முழுவதையும் முகத்தில் வாரியடிக்கும்; புதுக் கட்டிகளைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்துச் சூடேற்றிய பிறகே உள்ளே விடுங்கள். கண்ணாடியும் தோல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். காரீயம் 1749 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் வார்க்கும் சூட்டில் ஆவி பெரிய அச்சமன்று. அந்தக் கசட்டுத் தூளும், கழுவாத கையால் உண்பதும், உடையோடு வீட்டுக்குள் போவதும்தான் நஞ்சை ஏற்றும் வழிகள். சிறுவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வேலையைச் சமையலறையில் செய்வதை மன்னிக்கவே முடியாது.

கலவை நினைத்தபடி வந்ததா என்று பார்க்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது கடினத்தன்மை அளவி. லீ நிறுவனத்தின் சிறு கருவி 5/32 அங்குல எஃகு உருண்டையை 60 பவுண்டு விசையில் 30 வினாடி குண்டின்மேல் அழுத்தி வைக்கும். விழுந்த குழியின் விட்டத்தை 20 மடங்கு நுண்ணோக்கியில் அளந்து பட்டியலில் பார்க்க வேண்டும். பழகாத கண்ணுக்கு அரைப் புள்ளி முன்பின் ஆவது இயல்பு. ஆகவே ஐந்து குண்டுகளை அளந்து சராசரி எடுங்கள். இரண்டாவது வழி எடை. காரீயத்தின் அடர்த்தி 11.34, வெள்ளீயத்தினுடையது 7.29. 20:1-இல் 540 கிரெயின் எடையுள்ள குண்டு அதே அச்சில் 30:1-ஆக வார்த்தால் சுமார் 544 கிரெயினும், 16:1-ஆக வார்த்தால் 537-ஐ ஒட்டியும் வரும். உங்கள் அச்சில் வார்த்த குண்டின் எடை திடீரென இரண்டு கிரெயின் கூடியிருந்தால், தராசைச் சந்தேகிப்பதற்கு முன் வெள்ளீயம் எரிந்துபோயிற்றா என்று பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் எடை குறையும், அதிகரிக்காது; அதனால் இந்த அறிகுறி எளிதில் ஏமாற்றுவதில்லை.

கடைசித் தீர்ப்பு மைதானத்தில். ஒரே அச்சு, ஒரே மருந்து அளவு, ஒரே மசகு. கலவை மட்டும் மூன்று விதம், விகிதத்துக்குப் பத்துக் குண்டுகள் வீதம், துப்பாக்கியைத் தாங்கியின் மேல் வைத்துச் சுடுங்கள். ஒவ்வொரு பத்துக்கும் பிறகு குழலைத் துடைக்கும் துணியைப் பாருங்கள். அறைக்கு அடுத்த முதல் சில அங்குலங்களில் காரீயச் சுவடு தெரிந்தால் வாயு கசிகிறது: குண்டின் விட்டத்தை முதலில் அளந்து, அது சரியாக இருந்தால் மென்மையான கலவைக்கு இறங்குங்கள். குழல் வாயின் பக்கம் சுவடு தெரிந்தால் மசகு தீர்ந்துபோகிறது. அதற்குக் கலவையைக் குறைசொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் மென்மையான மண் மேட்டிலோ பனித்திட்டிலோ சுட்ட குண்டுகளைத் தோண்டி எடுத்துப் பாருங்கள். குழலின் சுவரைத் தொடாதிருக்க வேண்டிய மூக்கில் சுழல்வரிகளின் தடம் ஒரு பக்கத்தில் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால் மூக்கு சாய்ந்திருக்கிறது. ஒரு படி கடினமாக்குங்கள். எல்லாப் பக்கமும் தடம் ஒரே ஆழத்தில் இருந்து, அடிப்பகுதியின் ஓரமும் கூராகவே நின்றிருந்தால், அந்தக் கலவையின் விகிதத்தையும் தேதியையும் கட்டிகளின் மேல் ஆணியால் கீறி எழுதி அடுக்கி வையுங்கள்.